விட்ட மாத்திரைக்கு ஈடு

என் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனதை முதலில் பார்த்தவன் நான். அதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நானே. என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்கிறவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மிச்சத்தைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம்.

என் பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்திரண்டு. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் இருக்கிறேன். ஏரியில் இறாலுக்கு வலை கட்டுவது தொழில். மனைவி கஸ்தூரி மார்க்கெட்டில் நண்டு விற்கிறாள். ஒரே மகளைத் திருப்பாலைவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன வருடம் நெஞ்சுவலி வந்து, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பை விலக்கிவிட்டு, அது மறுபடி மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்க வைக்கும் சின்னக் கம்பிச் சுருள் அது. வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பை மாத்திரை. அதில் ஒன்று கொழுப்பு மாத்திரை. அட்டார்வாஸ்டாட்டின் என்று பெயர், எண்பது மில்லிகிராம். "இத மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது" என்று நர்ஸம்மா விரலை ஆட்டிச் சொன்னார்.

ஆறேழு மாதம் விடவில்லை. அப்புறம் தொடையில் வலி ஆரம்பித்தது. அடிபட்ட வலி இல்லை, வேலை செய்த அலுப்பும் இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து பிழிகிற மாதிரி ஒரு வலி. மாத்திரையோடு வந்த சீட்டை மகள் படித்துப் பார்த்துவிட்டு, "நைனா, இதுல தசை வலி வரும்னு போட்டுக்குது, வந்தா டாக்டர்கிட்ட சொல்லணுமாம்" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. சொன்னால் ஏரிக்குப் போகாதே என்பார்களோ என்று பயம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த கோமாளித்தனம் உங்களுக்குப் புரியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறையப் படும் இடங்கள் சில உண்டு. அங்கே இன்றைக்கு யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்போம். உன் பாட்டு நாளில் நீ கட்டலாம், மற்ற நாளில் அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாது. புயலோ சாவோ வந்து ஒருவனுடைய பாடு கெட்டுப்போனால், ஊர் பேசி அவனுக்கு ஈடு தரும். அடுத்த முறை வரும்போது கெட்டுப்போனதையும் சேர்த்து இரட்டையாகக் கட்டிக்கொள்வான். சண்டை இல்லாமல் இத்தனை பேர் அந்த ஏரியில் பிழைப்பது இந்த முறையால்தான்.

தை மாதம் எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாடு வந்தது. தொடை வலியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக்கம்பு நட முடியவில்லை. யோசித்தேன். என் மூளை எங்கே போகும், ஏரிக்குத்தானே போகும். மாத்திரைக்கும் உடம்புக்கும் பாடு பிரித்துவிட்டேன். ஏரிக்குப் போகும் நாள் உடம்பினுடையது, அன்றைக்கு மாத்திரை கிடையாது. வீட்டில் இருக்கும் நாள் மாத்திரையினுடையது. விட்டதற்கு ஈடாக அன்றைக்கு இரண்டு. மாத்திரைக்கும் துரோகம் இல்லை, உடம்புக்கும் துரோகம் இல்லை. என் நியாயத்தை நானே மெச்சிக்கொண்டேன். கஸ்தூரிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அதோடு பனியில் இருமல் பிடித்தது. காட்டூரில் ஒரு டாக்டரிடம் போனேன். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். இருமலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து, இல்லை என்று தலையாட்டினேன். கிருமியைக் கொல்லும் மாத்திரை ஒரு வாரத்துக்கு எழுதித் தந்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த மாத்திரை தொடங்கிய ஆறாவது நாள், விடிந்தும் விடியாத நேரம். நானும் கஸ்தூரியின் தம்பி மகேந்திரனும் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். கம்பைப் பிடுங்க ஒரு மூச்சு கொடுத்தேன். கம்பு அசையவில்லை, என் கால்கள் போய்விட்டன. அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"இன்னா மாமா, இன்னா ஆச்சு?"

"கால் இல்லடா."

குனிந்து பார்த்தான். "ரெண்டும் கீது மாமா."

எனக்குச் சிரிப்பு வந்தது, எழுந்திருக்கத்தான் வரவில்லை. படகில் ஏற்றிப் படுக்க வைத்தான். மூத்திரம் முட்டியது. படகில் இருந்த டப்பாவைப் பிடித்தான். அதில் விழுந்ததைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "எத்தினி நாளா இப்பிடிப் போவுது?" என்றான். இரண்டு நாள் என்றேன். வலையை அப்படியே போட்டுவிட்டு எஞ்சினை முடுக்கினான். பாட்டு நாளில் இறாலோடு வலையை விட்டுவிட்டு ஒருவன் கரைக்கு வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆட்டோவில் பொன்னேரி. அங்கே ரத்தம் எடுத்தார்கள், உடனே 108 வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். கஸ்தூரி வண்டியில் என் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிடித்தது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்னையில் என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். படுக்கை ஓரத்தில் நின்று எனக்குப் புரியும்படி சொன்னார். "உங்க தசை உடைஞ்சு ரத்தத்துல கலக்குது ஐயா. தசைக்குள்ள செவப்பா ஒரு பொருள் இருக்கு. அது கிட்னியில போய் அடைச்சுக்குது. மூத்திரம் கருப்பா வர்றது அதனாலதான்."

"வலைக்கண்ணுல பாசி அடைச்சிக்கிற மாரியாம்மா?"

"அதேதான். இப்ப நிறையத் தண்ணி ஏத்தி அந்தப் பாசியைக் கழுவணும். கழுவ முடியலேன்னா மிஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்."

மிஷின் என்றால் டயாலிசிஸ். சி.பி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. தசை எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதை அது சொல்லும். ஆரோக்கியமான மனிதனுக்கு நூற்றுச் சொச்சம் இருக்கும். எனக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கிரியாட்டினின் என்று இன்னொன்று. ரத்தத்தில் அது ஏறினால் கிட்னி வேலை நிறுத்தம் செய்கிறது என்று அர்த்தம். அதுவும் ஏறியிருந்தது.

"கொழுப்பு மாத்திரை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார்.

கஸ்தூரி பக்கத்தில் நின்றாள். "தினம் ஒண்ணும்மா. ஒரு நாளும் தவறினதில்ல" என்றேன். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் நிலைமையைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு கையிலும் ஊசி, மேலே பாட்டில்கள். கீழே கட்டிலில் ஒரு பை தொங்கியது. மூத்திரம் குழாய் வழியாக அதில் இறங்கும். கஸ்தூரிக்கு அந்தப் பைதான் உலகம். தரையில் துண்டை விரித்து அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். மகள் திருப்பாலைவனத்திலிருந்து இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டுவருவாள். அதைக்கூடப் பையைப் பார்த்துக்கொண்டேதான் குடிப்பாள். மகேந்திரன் ஊரில் என் பாட்டு நாளில் எனக்காக வலை கட்டினான். சாயங்காலமானால் போன் போட்டு முதலில் கலரைக் கேட்பான், அப்புறம்தான் என்னைக் கேட்பான்.

"இன்னிக்கி கருப்பட்டித் தண்ணி" என்பாள் கஸ்தூரி. மறுநாள், "டீ மாரி கீதுடா." மூன்றாம் நாள் மதியம் என்னைத் தட்டி எழுப்பினாள். "ஏன்யா, பாருய்யா, பாரு." தலையைத் தூக்கிப் பார்த்தேன். பையில் வைக்கோல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மூத்திரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அன்றைக்குக் கும்பிட்டேன். கைப்பிடி அளவு இரண்டு உறுப்பு, நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்திராத உறுப்பு, அத்தனை அழுக்கையும் சுமந்து நின்று, மூச்சுத் திணறி, மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டது. மிஷின் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நானும் கஸ்தூரியும் மகளும் அழுதோம்.

ஐந்தாம் நாள் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் வழவழவென்று ஒரு பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி, ஒலியால் இதயத்தைப் படம் பிடிப்பது. போன வருடமும் எடுத்தார்கள். அப்போது பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இந்த முறை திரையைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு மெல்லிய இதழ்கள் திறந்து மூடின, திறந்து மூடின. "இது இன்னா சார்?" என்று கேட்டேன். "வால்வு. ரத்தம் திரும்பி வராம கதவு மாதிரி மூடும்" என்றார் எடுத்தவர். என் அம்மா வயிற்றில் இருந்தபோது தொடங்கியது. நான் தூங்கியபோது, குடித்துவிட்டுக் கிடந்தபோது, கல்யாணத்தன்று, மகள் பிறந்த அன்று, ஒரு முறைகூட ஓய்வு கேட்காமல் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. நெஞ்சுவலி வந்த அன்றும் அது நிற்கவில்லை. ஆண்டவன் எங்கே இருக்கிறான் என்று தேடுகிறவர்களை அந்த அறைக்குள் ஒரு தடவை விட வேண்டும்.

கொழுப்பைப் பற்றி டாக்டரம்மா சொன்னதும் எனக்கு ஆச்சரியம்தான். நண்டும் இறாலும் தின்றுதான் கொழுப்பு ஏறியது என்று ஊரில் எல்லாரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். "சாப்பாட்டுல வர்றதைவிட உங்க கல்லீரலே செய்யறதுதான் அதிகம். உடம்புக்கு அது தேவை. சில பேருக்கு மட்டும் அளவு மீறிச் செய்யும். அந்த மாத்திரை கல்லீரல்ல அந்த வேலையைக் குறைக்குது. குழாய்ல ஏற்கெனவே படிஞ்சது வெடிச்சு அடைச்சுக்காமலும் பாத்துக்குது." எனக்குள்ளேயே ஒரு கொழுப்புத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, முதலாளி எனக்கே தெரியாமல். கிருமி மாத்திரைகளில் சில, இந்தக் கொழுப்பு மாத்திரையை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கி வைக்குமாம். காட்டூரில் நான் வாங்கியது அந்த வகை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆட்டோ டிரைவர். அவருக்கும் ஸ்டென்ட் வைத்தது. "நல்லாத்தான கீறோம், எதுக்கு தினம் மாத்திரைன்னு உட்டுட்டேன்" என்றார். எட்டாம் மாதம் இரண்டாவது அட்டாக். கக்கூஸ் வரைக்கும் நடந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். என்னைவிட ஏழு வயது சின்னவர்.

அவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா சொன்னது எனக்கு இடியாக இறங்கியது. "இந்த வகை மாத்திரை உங்க உடம்புக்கு ஆகல ஐயா. தினம் ஒண்ணு போட்டதுக்கு, கூட ஒரு வாரம் கிருமி மாத்திரைக்கு, இவ்வளவு உடைஞ்சிருக்கு. திரும்பக் குடுக்க எனக்குத் தைரியம் இல்ல." ஃபைலில் சிவப்பு மையால் எழுதினார். ஸ்டாட்டின் வகை எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

ஆறு வாரத்தில் கால் திரும்பி வந்தது. முதலில் சுவரைப் பிடித்து, அப்புறம் கஸ்தூரியைப் பிடித்து, அப்புறம் தனியாக. ஆனால் நெஞ்சுப் பக்கம் கை போய்க்கொண்டே இருந்தது. சின்னதாக வாயு பிடித்தாலும் அந்த ஆட்டோ டிரைவர் மூச்சு வாங்கியதுதான் ஞாபகத்துக்கு வரும். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று தினமும் நினைத்தேன். கஸ்தூரியும் சரியாகப் பேசவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தால் அவள் நண்டுக் கூடையைப் பார்ப்பாள்.

குறித்த நாளில் போனோம். தசை சரியாகிவிட்டது, கிட்னி சரியாகிவிட்டது. கெட்ட கொழுப்பு மட்டும் தறிகெட்டு ஏறியிருந்தது. டாக்டரம்மா சிவப்பு எழுத்தையும் ரத்த ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதை இப்படியே விட்டா அந்த ஸ்டென்டுக்கு ஆபத்து. வேற மாத்திரை ஒண்ணு இருக்கு, அது மட்டும் உங்களுக்குப் பத்தாது. ஊசி இருக்கு, அது நம்ம ஆஸ்பத்திரியில இல்ல. என்ன பண்றதுன்னு தெரியல ஐயா."

ஒரு டாக்டர் வாயால் தெரியல என்று கேட்டதும் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பாடு, ஈடு, ஒரு நாள் விட்டது, மறுநாள் இரண்டு போட்டது, எல்லாவற்றையும். கஸ்தூரியின் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். "இப்படிப் பண்ணினது பெரிய தப்பு. ஆனா ஒரு நாள் இல்ல, ஒரு நாள் ரெண்டு. சராசரி பாத்தா அப்பவும் தினம் ஒண்ணுதானே வருது? நான் எழுதினதை மாத்தறதுக்கு இது போதாது."

போயிற்று என்று நினைத்தேன். அப்போது கஸ்தூரி வாயைத் திறந்தாள்.

"அந்த இல்லாத நாள்லயும் ரெண்டு துன்னுக்குதும்மா. நான் குடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏரிக்குப் போற நாள்ல மாத்திரை அட்டையில அப்பிடியே இருக்கும். பாத்துட்டேன். மறுநாள் ரெண்டா முழுங்கறது எனக்குத் தெரியாது. கேட்டா சண்டைக்கு வரும். பழைய சீட்ட காட்டி மருந்துக் கடையில தனியா ஒரு அட்டை வாங்கியாந்தேன். நுணுக்கிக் கூழுல போட்டு அனுப்பிச்சேன். கசப்பு தெரியாம வெங்காயம் நெறய அரிஞ்சி போட்டேன்."

"ஏன் ரெண்டு?" என்று கேட்டார் டாக்டரம்மா, மெதுவாக.

"ஒண்ணு அன்னிக்கி உள்ளது. இன்னொண்ணு, எனக்குத் தெரியாம முன்னாடி உட்டதுக்கு ஈடு."

அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. ஏரிக்கு நடுவில் படகில் உட்கார்ந்து, இவளை ஏமாற்றிவிட்டோம் என்ற தெம்பில் அந்தக் கூழைத் தூக்குச்சட்டியோடு கவிழ்த்துக் குடித்திருக்கிறேன். வெங்காயம் தூக்கலாக இருக்கிறதே என்று மகேந்திரனிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

டாக்டரம்மா திட்டுவார் என்று இருவரும் தலையைக் குனிந்து நின்றோம். அவர் பேனாவை எடுத்து, சிவப்பில் எழுதியதைக் குறுக்கே அடித்தார். "அப்போ தினமும் ரெண்டு மடங்கு. அதோட கிருமி மாத்திரை, அதோட வலை இழுக்கற வேலை. இது யாரா இருந்தாலும் உடைஞ்சிருக்கும். உங்க உடம்பு மேல குத்தம் இல்ல ஐயா." பிறகு கஸ்தூரியைப் பார்த்தார். "நீங்க மட்டும் சொல்லலேன்னா நான் இந்த மருந்தை இவருக்குக் குடுத்திருக்கவே மாட்டேன்மா."

அதே வகையில் வேறொரு மாத்திரை, ரொசுவாஸ்டாட்டின், மிகச் சின்ன அளவு. முதலில் வாரத்துக்கு இரண்டே நாள். இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்துவிட்டு மேலே யோசிப்பது. தசை வலித்தாலோ மூத்திரம் கறுத்தாலோ உடனே வர வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்தச் சீட்டை முதலில் காட்ட வேண்டும். "ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா விட்டதுதான். இதுல ஈடு கிடையாது" என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி, தனித்தனியாகத் தலையாட்ட வைத்தார்.

பொன்னேரியில் பஸ் ஏறியபிறகுதான் கஸ்தூரி பேசினாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"அந்தப் பைய பாத்துக்கினு ஒக்காந்திருந்தனே, சும்மா ஒக்காந்தேன்னு நெனைச்சியா? அந்தக் கருப்பு அத்தினியும் நான் ஊத்திக் குடுத்ததுன்னு தெரிஞ்சிதான் ஒக்காந்திருந்தேன். சொல்ல வாய் வரல. நீ செத்திருந்தா நானும் ஏரியில எறங்கியிருப்பேன்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சு கொள்ளாத பிரமிப்புதான் வந்தது. ஒரு மனுசி இத்தனை பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு, கருப்பட்டித் தண்ணி என்றும் டீ என்றும் எனக்கு நிறம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த எக்கோ மிஷினில்கூட இதெல்லாம் தெரியாது. "எனக்கும் சொல்ல வாய் வரலடி" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் காலை முதல் மாத்திரை. கடுகு மாதிரி இத்தனூண்டு இருந்தது. வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.

"வாயத் தொற" என்றாள்.

திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்தாள். பிறகு, நான் கேட்காமலே, முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறிக் காட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"நீயும் பாத்துக்கோ. ஒண்ணும் இல்ல."